பாழான கட்டடம்

டம்! டம்! டம்!

கடை வாசலில் சுத்தியல் சத்தம் கேட்டு ஜைனுதீன் ஓடினார். சிட்டி நிர்வாகத்தின் ஆள் கதவில் ஒரு நோட்டீஸை அறைந்துவிட்டு வேனில் ஏறிக்கொண்டிருந்தான்.

டெக்சாஸின் அந்த நடுத்தர ஊரில், பழைய டவுன்டவுனை இடித்து அடுக்குமாடிகள் கட்டப்போகிறார்கள். 'பாழான கட்டடம்' என்று முத்திரை விழுந்தவைதான் முதலில் போகும். பக்கத்து சலூன் தப்பித்துவிட்டது. அவருடைய ஹலால் கறிக்கடை மாட்டிக்கொண்டது.

நோட்டீஸில் இருந்த காரணங்களைப் படித்தார். பின்சுவரில் விரிசல், கூரையில் அழுகிய உத்தரம். இரண்டையும் கூரை வரை அரிசி மூட்டைகளை அடுக்கி எந்த இன்ஸ்பெக்டர் கண்ணிலும் படாமல் மறைத்து வைத்திருந்தார்.

"அந்த காண்ட்ராக்டர் ஹாமித் வேலைதான் இது!" என்று மனைவி லத்தீஃபாவிடம் கத்தினார். "ரிப்பேருக்கு எஸ்டிமேட் கேட்டு அவனுக்கு மட்டும்தானே காட்டினேன்? பள்ளில பக்கத்துல நின்னு தொழுதுட்டு, கம்ப்ளெயின்ட் பண்ணிருக்கான் பாரு!"

கார் சாவியை எடுத்தார். லத்தீஃபா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அவர் மேல பழி போடாதீங்க. பன்னெண்டு வருஷமா பெருநாளன்னிக்குக்கூட நான் இங்கதான் கறி வெட்டிக்கிட்டு நிக்கிறேன்... சிட்டிக்கு போட்டோ எடுத்து அனுப்பினது நான்தாங்க."