செவலையின் நாலாவது தாள்

மூன்று நாளாக விடாத மழையில், மலைமேல் இருக்கும் அரியூர் நாட்டில் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. புதன்கிழமை காலை கரண்ட் வந்த கையோடு, கோகிலா குதிரையின் காகிதங்களை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பினாள்.

அவளும் அவள் புருஷன் சின்னமுத்துவும் மிளகுத் தோட்டத்தை ஒட்டி மூன்று அறை கட்டி, மலை பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். பிள்ளைகுட்டிகளோடு வருகிறவர்கள் அருவியைப் பார்த்த மறுநாளே மூட்டை கட்டிவிடுகிறார்கள் என்பது கோகிலாவின் தீராத குறை. கீழே ஒரு சொகுசு விடுதியை மூடுகிறார்கள், அங்கே கிடாய் உயரத்தில் ஒரு குதிரை நிற்கிறது என்று யாரோ சொன்னதும் போய்ப் பார்த்தாள். இடுப்பளவுகூட இல்லாத பெண்குதிரை. செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அவள் புடவைத் தலைப்பை முகர்ந்துவிட்டு அவளை ஒட்டியே நின்றுகொண்டது. வேண்டவே வேண்டாம் என்று சின்னமுத்து சொன்ன எதுவும் அதற்குப் பிறகு அவள் காதில் ஏறவில்லை. பத்து நாளுக்கு முன்னால் மினி லாரியில் ஏற்றி, அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது வளைவும் தாண்டிக் கொண்டுவந்துவிட்டாள். காகிதத்தில் அதற்கு மூன்று சொல்லில் ஒரு இங்கிலீஷ் பெயர் இருந்தது. வீட்டில் அது செவலை.

காகிதங்கள் மொத்தம் நாலு தாள். எல்லாம் இங்கிலீஷ். கோகிலா பன்னிரண்டாவது வரை படித்தவள். விரலை வரிக்கு அடியில் நகர்த்திக்கொண்டே போனால் பாதி புரியும், மீதியை போனில் தேடிக்கொள்வாள். முதல் தாள் வெளிநாட்டுச் சங்கம் ஒன்று கொடுத்த பதிவுச் சான்று. பெயர், அப்பன் பெயர், ஆத்தாள் பெயர், பிறந்த தேதி, உயரம் முப்பத்திரண்டு அங்குலம். இரண்டாவது, உடைமை மாற்றும் படிவம். விற்றவர் கையெழுத்துப் போட்டிருந்தார். வாங்கியவர் இடம் காலி. மூன்றாவது தடுப்பூசி. நாலாவதையும் தடுப்பூசிச் சீட்டு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

அதில் செவலையின் பெயருக்கு எதிரே இன்னொரு குதிரையின் பெயர் இருந்தது. கீழே, ‘டேட் ஆஃப் சர்வீஸ்’ என்று அச்சடித்து, அதன் பக்கத்தில் பேனாவால் 08/10/2024.

பைக்கைத்தான் சர்வீஸுக்கு விடுவார்கள், குதிரைக்கு என்ன சர்வீஸ்? போனில் தேடினாள். ஆண்குதிரையோடு சேர்த்த தேதி என்று இருந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து கொட்டகைக்கு ஓடினாள்.

செவலை வைக்கோலைத் தொடாமல் நின்றது. பத்து நாளாகப் புல்லுவயிறு என்று எல்லோரும் சொன்ன வயிறு, இப்போது பக்கவாட்டில் இல்லாமல் கீழே இறங்கித் தொங்கியது. கோகிலா குனிந்து பார்த்தாள். மடி இறுகியிருந்தது. காம்பு நுனியில் மெழுகு உறைந்த மாதிரி மஞ்சளாகச் சொட்டு.

கால்நடை டாக்டர் அருணாவுக்கு போன் போட்டாள். இந்த மலையில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் அலைகிற பெண். கோகிலா வீட்டில் இரண்டு முறை சாப்பிட்டிருக்கிறாள்.

"அக்டோபர் எட்டுன்னா இன்னும் நாள் இருக்குங்கக்கா. குதிரைக்குப் பதினோரு மாசம். செப்டம்பர் எட்டு வாக்குல ஆயிரும். சிலதுக்கு முன்னாடியே மடி விடும். நாளைக்கு வந்து பாக்கறேன், பயப்படாதீங்க."

குதிரையை விற்ற விடுதியின் மேனேஜர் சந்தோஷ்குமாரும் அதையேதான் சொன்னான். "ஏனுங்க, சேத்துனது நெசந்தானுங்க. சென நிக்கலைன்னு நெனச்சுட்டோம். எப்படியும் தாள்ல இருக்கறது அக்டோபர்தானுங்களே? செப்டம்பர் வரைக்கும் டைம் இருக்குதுங்க."

இரண்டு பேர் சொல்லியும் கோகிலா கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. மறுபடியும் மேசைக்கு வந்தாள். நாலு தாளையும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்து, முதல் எழுத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். முதல் தாளில் பிறந்த தேதியில் விரல் நின்றது. 04/23/2017.

இருபத்து மூன்றாம் மாதம் என்று ஒன்று ஏது?

அப்படியானால் இவர்கள் மாதத்தை முதலில் எழுதுகிறவர்கள். நாளை அப்புறம் எழுதுகிறவர்கள். நாலாவது தாளின் தலையிலும் அதே சங்கத்தின் முத்திரை இருந்தது. தடுப்பூசித் தாளைப் பார்த்தாள். அது நம் ஊர் டாக்டர் எழுதியது, நாள்தான் முதலில். ஆனால் முதலாவதும் நாலாவதும் ஒரே இடத்துத் தாள். எட்டு என்பது தேதி இல்லை, மாதம். ஆகஸ்ட் பத்து. செப்டம்பர், அக்டோபர் என்று விரல் மடக்கினாள். பதினொன்று மடக்கி முடித்தபோது ஜூலை பத்தில் வந்து நின்றது.

அன்றைக்கு ஜூலை ஒன்பது.

உடனே டாக்டர் அருணாவுக்கு மறுபடி போன் போட்டுச் சொன்னாள். டாக்டர், "ரெண்டு தாளையும் போட்டோ எடுத்து அனுப்புங்க," என்றாள். ஒரு நிமிஷத்தில் அவளே கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது.

"நீங்க சொன்னதுதாங்கக்கா சரி. நான் பாக்காம சொல்லிட்டேன். இப்ப கீழ காரவள்ளில இருக்கேன், கெளம்பிட்டேன். நல்லா கேட்டுக்குங்க. மாடு மாதிரி மணிக்கணக்கா இழுக்காது, நீர் ஒடஞ்சா அரை மணிக்குள்ள குட்டி வெளிய வரணும். மொதல்ல வெள்ளையா ஒரு பை தெரியும். தெரிஞ்சா நல்லது, கை வெக்காதீங்க. செவப்பா, வெல்வெட் துணி மாதிரி வந்துச்சுன்னா ஒரு நொடிகூட நிக்காதீங்க, கிழிச்சு உட்ருங்க. நஞ்சுக்கொடி முன்னாடியே பிரிஞ்சு வருதுன்னு அர்த்தம். உள்ள குட்டிக்கு மூச்சு நின்னுரும். கத்திரிக்கோலக் கொதிக்கிற தண்ணில போட்டு வைங்க. துண்டு எத்தன இருக்குதோ எல்லாத்தையும் எடுங்க."

சின்னமுத்து மிளகு விற்க நாமக்கல் போயிருந்தான். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கோகிலா பக்கத்துத் தோட்டத்துக் கருப்பண்ணனைக் கூப்பிட்டாள். மலையில் குண்டூர் நாடு வரைக்கும் எந்த மாடு கன்று போடத் திணறினாலும் ஆள் விட்டுக் கூட்டிப்போவது அவரைத்தான். தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்தார். செவலையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கே போட்ரும் அம்மிணி," என்றார்.

பழைய வைக்கோலை வாரிக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பரப்பினார்கள். பதினோரு மணி வாக்கில் செவலைக்கு வேர்த்தது. திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்தது, முன்காலால் தரையைப் பிறாண்டியது, படுத்தது, எழுந்தது. மறுபடி போன் வந்தது.

"முப்பத்தெட்டாவது வளைவுல மூங்கில் புதர் சாஞ்சு ரோட்ட அடச்சுருச்சுங்கக்கா. பஸ்ஸு, லாரி எல்லாம் நிக்குது. நான் தாண்டி நடந்து வாரேன், அந்தப் பக்கம் ஏதாச்சும் வண்டி…"

அதோடு பேச்சு அறுந்தது. கரண்ட் போயிருந்தது. சற்று நேரத்தில் போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

கொட்டகைத் தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்துக்கு மேல் செவலையின் மூச்சு கேட்டது. பக்கவாட்டில் சாய்ந்து படுத்து, நாலு காலையும் விறைத்துக்கொண்டு முக்கியது. கோகிலா பின்னால் மண்டியிட்டு வாலைத் தூக்கிப் பிடித்தாள். நீர் எதுவும் உடைந்து வரவில்லை. அடுத்த முக்கலில் ஏதோ பிதுங்கியது.

வெள்ளையாக இல்லை.

கருஞ்சிவப்பாக, மெத்தென்று, கோழிக்கொண்டை மாதிரி.

"அண்ணா, செவப்பா வருது! கத்திரிக்கோலக் குடுங்க!"

கருப்பண்ணன் குனிந்து பார்த்தார். "பன்னீர்க்குடம் அம்மிணி. மாட்டுக்கும் இப்பிடித்தான் வரும். அதா ஒடையட்டும். கை வெக்காத."

"கிழிக்கோணும்னு டாக்டரம்மா சொன்னாங்கண்ணா."

"அந்தப் புள்ள எத்தன குதிர பாத்திருக்கும்? முப்பது வருசமா இந்தக் கையில கன்னு எடுத்திருக்கறேன். நேரத்துக்கு முன்னாடி கிழிச்சயின்னா தாயும் போயிரும், குட்டியும் போயிரும். சொல்றதக் கேளு சாமி."

அவர் கோபத்தில் சொல்லவில்லை; அவளுக்காகப் பயந்துதான் சொன்னார். அதனாலேயே கோகிலாவால் அதைத் தள்ளிவிட முடியவில்லை. போன வருஷம் அவளுடைய சிந்துப் பசுவைப் பிழைக்கவைத்தவர் இதே மனுஷன். போனைப் பார்த்தாள். கோடு இல்லை. செவலை மறுபடி முக்கியது; சிவப்பு இன்னும் ஒரு சாண் வெளியே வந்தது. ஆனால் அதற்குள் கால் இல்லை, மூக்கு இல்லை, எதுவுமே தென்படவில்லை.

காலையிலும் விவரம் தெரிந்த இரண்டு பேர்தான் சொன்னார்கள், நாள் இருக்கிறது என்று.

அவளே எழுந்து போய்ப் பாத்திரத்துக்குள் கையை விட்டாள். தண்ணீர் இன்னும் சுட்டது. கத்திரிக்கோலை எடுத்து வந்து, சிவப்பை இடது கையால் பிடித்து நுனியில் வெட்டினாள். தோல் மாதிரித் தடிப்பு. முதல் வெட்டுக்கு அசையவில்லை. கருப்பண்ணன், "அய்யோ அம்மிணி," என்று தலையில் கை வைத்தார். இரண்டாவது வெட்டில் கிழிந்து, வெதுவெதுப்பான நீர் அவள் மடியெல்லாம் கொட்டியது. கையை உள்ளே விட்டாள். வழுவழுவென்று வெள்ளைப் பை, அதற்குள் விரல் மொத்தத்தில் ஒரு கால். பக்கத்திலேயே இன்னொன்று. அவற்றின் மேல் மூக்கு.

"அண்ணா, கால் கெடச்சிருச்சு! புடிங்க!"

துண்டைச் சுற்றி ஒரு காலை அவரும் ஒரு காலை அவளுமாகப் பிடித்தார்கள். செவலை முக்கும்போது மட்டும் கீழ்வாக்கில் இழுத்தார்கள், விடும்போது விட்டார்கள். மூன்றாவது முக்கலில் தலை வந்தது. ஐந்தாவதில் முழுசும் வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது.

பூனையைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு. அசைவில்லை. நாக்கு நீலம் பாரித்து வெளியே தொங்கியது.

கோகிலா மூக்கிலிருந்து சவ்வைக் கிழித்தெடுத்தாள். வாய்க்குள் விரல் விட்டு வழித்தாள். துண்டால் விலாவைத் தேய்த்தாள், தேய்த்தாள். துண்டு ஊறியதும் வீசிவிட்டு அடுத்ததை எடுத்தாள். "மூச்சு உடு கண்ணு, மூச்சு உடு." கருப்பண்ணன் ஒரு வைக்கோலைக் கிள்ளிக் குட்டியின் மூக்குத் துளைக்குள் விட்டுத் திருகினார். ஒன்றுமில்லை. மறுபடி திருகினார்.

குட்டி தும்மியது.

தும்மி, தலையை உதறி, மார்பு விம்ம ஒரு மூச்சு இழுத்தது. கோகிலா அப்படியே ஈர வைக்கோலில் உட்கார்ந்துவிட்டாள்.

அத்தோடு பயம் முடியவில்லை. எழுந்திருக்கப் பார்த்த குட்டி நாலு முறை விழுந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று, ஒன்றரை ஆயிற்று. கருப்பண்ணன் செவலையின் மடியில் பீய்ச்சிய பாலை விரலில் தொட்டு அதன் வாயில் வைத்துக்கொண்டே இருந்தார். டாக்டர் அருணா யாரோ ஒருவர் பைக்கில் தொற்றிக்கொண்டு, முட்டி வரை சேறாக வந்து சேர்ந்தபோது, குட்டி நாலு காலையும் அகட்டி வைத்து, ஆடிக்கொண்டு நின்றிருந்தது.

டாக்டர் குட்டியின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள். செவலையைப் பார்த்தாள். விழுந்திருந்த நஞ்சுக்கொடியை விரித்து, கிழிந்த இடத்தைப் பார்த்தாள். "ரெண்டு நிமிசம் தள்ளிப்போயிருந்தா முடிஞ்சிருக்குங்க," என்றாள். "பொட்டக் குட்டி. பொழச்சுக்கும். ரெண்டு நாளைக்குப் பக்கத்துலயே யாராச்சும் இருக்கோணும்."

கருப்பண்ணன் ஓரமாகக் கை கழுவிக்கொண்டிருந்தார். அவர் காதிலும் அது விழுந்தது. சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

"நாந்தான் தடுத்தேன் டாக்டரம்மா," என்றார். "என் பேச்ச அம்மிணி கேக்கல. நல்லதாப் போச்சு." கோகிலாவைப் பார்த்து, "ஒரு வாய் தின்னக்கூட நேரமிருந்திருக்காது உனக்கு. கஞ்சி கொண்டாரச் சொல்றேன், இரு," என்று மழைக்குள் இறங்கிப் போனார்.

மூன்று மணிக்குக் கோடு வந்தது. வந்த உடனே சின்னமுத்து கூப்பிட்டான். பதறியிருந்தான். "ஏம்புள்ள, பதினாறு தடவ கூப்புட்ருக்கற? என்னாச்சு? ஊட்ல எல்லாம் நல்லா இருக்காங்களா?"

கோகிலா செவலையின் பக்கம் திரும்பினாள். குட்டி தாயின் வயிற்றுக்கடியில் முட்டி முட்டித் தேடி, ஒருவழியாகக் காம்பைப் பிடித்துச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்கறமுங்க," என்றாள். "ரோடு அடச்சுக் கெடக்குது, மெதுவா வாங்க. வாரப்போ துண்டு ஒரு டஜன் வாங்கிட்டு வாங்க. ஊட்ல ஒண்ணுகூட இல்ல."