தொண்ணூறுக்கு மேல் ஆட்டம்

அம்மா வருவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது நான் விமான நிலையத்துக்கு ஒத்திகை பார்க்கப் போனேன். சிரிக்காதீர்கள். நான் இருக்கும் ஊரிலிருந்து அங்கே போக நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் ஆகும். கார் வாங்கிச் சில மாதங்கள் ஆகியும் வீடு, வேலை, காய்கறிக் கடை என்று ஊருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தவள் நான். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டா முதன்முதலாக நெடுஞ்சாலையில் ஏறுவது? அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாகக் கிளம்பினேன்.

எண்பது வரை வண்டி வழுக்கிக்கொண்டு போனது. தொண்ணூறைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கியது. முதலில் நான்தான் நடுங்குகிறேன் என்று நினைத்தேன், அது எனக்கு வழக்கம்தானே. பிறகு சீட்டும் சேர்ந்து நடுங்கியது. பின்னால் வருகிற வண்டிகள் கண்ணாடியில் இரண்டிரண்டாகத் தெரிந்தன. எண்பதுக்கு இறக்கினேன். ஒன்றுமே நடக்காத மாதிரி சாதுவாகப் போனது. மறுபடி தொண்ணூறு, மறுபடி ஆட்டம். பாதி வழியிலேயே திரும்பிவிட்டேன்.

அம்மாவுக்கு இதுதான் முதல் விமானப் பயணம், அதுவும் தனியாக. பஸ் என்றால் ஏறின உடனே அவளுக்கு வயிற்றைப் புரட்டும். இங்கே பஸ்ஸில் வந்தால் நடுவில் இறங்கி வேறு மாற வேண்டும், பேச்சும் புரியாது. டிக்கெட் போடும்போதே சொல்லிவிட்டாள்: "நீ உன் வண்டியோட வந்து நின்னா வர்றேன். பஸ்ல ஏத்தி விடுறதா இருந்தா நான் வரவே இல்ல, நீ அங்க சௌக்கியமா இரு."

அன்றைக்கே வீட்டுக்குப் போன் போட்டேன். போனை ஸ்பீக்கரில் வைத்து அப்பா, அம்மா, தம்பி மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"எஞ்சினைத் தாங்குற ரப்பர் போயிருக்கும்," என்றார் அப்பா. அப்பா வாழ்நாளில் ஓட்டியதெல்லாம் ஒரே ஸ்கூட்டர், அதுவும் நாற்பதைத் தாண்டியதில்லை. ஆனால் ராக்கெட்டைப் பற்றிக் கேட்டாலும் அவரிடம் ஒரு அபிப்பிராயம் இருக்கும்.

"ரப்பரும் இல்ல ஒண்ணும் இல்ல," என்றான் தம்பி. "இவ நடுங்குறதைப் பார்த்துப் பார்த்துக் கார் பழகிடுச்சு. சகவாச தோஷம்."

"டேய், நான் அழுதுடுவேன்."

"அழு. வைப்பரைப் போட்டுக்க."

மறுநாள் வேலை முடிந்ததும் மறுபடி நெடுஞ்சாலையில் ஏறினேன். வேகம் பிடித்து, பின்னால் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து கியரை நியூட்ரலில் தள்ளினேன். எஞ்சின் சத்தம் அடங்கிவிட்டது, ஆட்டம் அடங்கவில்லை. ஆகவே எஞ்சின் இல்லை, அப்பாவின் ரப்பரும் இல்லை. பிரேக்கை லேசாக அழுத்தினால் ஆட்டம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆகவே பிரேக்கும் இல்லை. இரண்டு பேரை விசாரித்து விடுதலை செய்துவிட்டோம் என்று ஒரு சின்ன சந்தோஷம்.

பக்கத்துத் தெரு மெக்கானிக் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்.

"நல்லாத்தானே போகுது?"

"தொண்ணூறுக்கு மேல போகணுங்க."

"இந்தத் தெருவுல தொண்ணூறுல போனா என்னை ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகணும்." டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்குகிற மாதிரி என் கார் அவர் முன்னால் கைகட்டி நின்றது. அடியில் படுத்துப் பார்த்தார், சக்கரங்களைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. "எதுக்கும் சக்கரத்தை பேலன்ஸ் பண்ணிப் பாருங்க," என்று அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை வரை டயர் கடையில் இடம் கிடைக்கவில்லை. நடுவில் ஒரு நாள் அம்மாவே போன் செய்தாள். "உனக்குக் கஷ்டமா இருந்தா சொல்லிடும்மா. அப்புறமா வர்றேன். நான் எங்க ஓடிப் போயிடப் போறேன்?" குரலில் கோபம் துளிகூட இல்லை. அவளுக்கென்று வாங்கி வைத்திருந்த போர்வையைப் பிரித்து மறுபடி மடித்து வைத்தேன். வேறென்ன செய்வது?

டயர் கடையை நடத்துவது ஓர் அம்மாள். முழங்கை வரை கை கறுப்பு, காதில் மட்டும் பளபளவென்று தோடு. முன் சக்கரம் ஒன்றைக் கழற்றி மெஷினில் மாட்டிச் சுழற்றினாள். எந்த இடத்தில் எவ்வளவு எடை குறைகிறது என்று மெஷின் காட்டும், அந்த இடத்தில் ஒரு சின்ன ஈயக்கட்டியை ஒட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒட்டிவிட்டு மறுபடி சுழற்றினாள். மெஷின் வேறு இடத்தைக் காட்டியது. கட்டியைப் பிய்த்து அங்கே ஒட்டினாள். இப்போது நேர் எதிர்ப் பக்கத்தைக் காட்டியது.

"என்ன இது, ஒரு பேச்சுல நிக்க மாட்டேங்குது?" என்று மெஷினை ஒரு தட்டுத் தட்டினாள். வேறு யாருடைய சக்கரத்தையோ மாட்டிப் பார்த்தாள், மெஷின் ஒழுங்காகவே சொன்னது. என் இன்னொரு சக்கரத்தை மாட்டினாள், மறுபடி உளறியது.

"மெஷின் சரியாத்தான் இருக்கு. உன் டயருக்குள்ள என்னமோ ஓடுதும்மா. என்ன போட்டு வச்சிருக்க?"

"நான் ஒண்ணும்..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றேன்.

எங்கள் வீட்டில் எதுவும் ஒன்றோடு நிற்காது. கதவுக்கு இரண்டு பூட்டு, பெட்டிக்கு இரண்டு கயிறு, காலையில் எழுந்திருக்க இரண்டு அலாரம். கார் வாங்கின வாரத்திலேயே அப்பா ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்: டயர் பஞ்சர் ஆகாமல் இருக்க ஒரு திரவம் இருக்கிறதாம், ஊற்றிவிட்டால் ஓட்டை விழுந்தாலும் தானே அடைத்துக்கொள்ளுமாம். டயருக்கு ஒரு பாட்டில் என்று அதன்மேல் போட்டிருந்தது. "பொம்பளைப் புள்ள தனியா ஓட்டுற. இன்னொண்ணு சேர்த்து ஊத்து, என்ன கெட்டுடப் போகுது?" என்றார் அப்பா. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. நான்கு டயருக்கும் எட்டு பாட்டில். அது ஆபத்து வராமல் இருக்க நான் செய்த காரியம். ஆபத்தைத் தேடும்போது அது எப்படி நினைவுக்கு வரும்?

அந்த அம்மாள் டயரை ரிம்மிலிருந்து பிரித்தாள். பச்சையாக, கொழகொழவென்று, ஒரு குட்டையே உள்ளே கிடந்தது.

"என்னம்மா, மீன் வளர்க்கிறியா?" கடையில் இருந்தவர்கள் எல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாளைக்கு அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தேன். நான்கையும் பிரித்து, வழித்து, துடைத்து மாட்டினார்கள். இப்போது மெஷின் ஒரே பேச்சில் நின்றது.

கடையிலிருந்து நேராக நெடுஞ்சாலைக்குப் போனேன். தொண்ணூறு. நூறு. நூற்றுப் பத்து. ஸ்டியரிங் தூங்குகிற குழந்தை மாதிரி கையில் கிடந்தது. ஓரம் கட்டி வீட்டுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"சரி, இத்தனை மாசத்துல பஞ்சர் ஆச்சா?" என்றார் அப்பா.

"ஆகலப்பா."

"அதான் கேட்டேன்."

"எப்படிப்பா ஆகும்?" என்றான் தம்பி. "ஆணி உள்ள போனா முங்கிச் செத்திருக்கும்."

அம்மா போனைப் பிடுங்குகிற சத்தம் கேட்டது. "உங்க கூத்து முடிஞ்சுதா? இந்தாம்மா, நான் பெட்டி கட்டலாமா, வேணாமா?"

"கட்டும்மா. நான் வாசல்லயே நிப்பேன்."

சொன்னபடியே நின்றேன். அம்மா தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு, இளைத்துவிட்டேன் என்று சொன்னாள்; காரைச் சுற்றி வந்து, பரவாயில்லை பெரிசாகத்தான் இருக்கிறது என்றாள். முன் சீட்டில் பெல்ட் போட்டுவிட்டேன். நெடுஞ்சாலையில் ஏறும்போது மேலே இருந்த கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். நான் அவளைப் பார்க்கவில்லை, வேகம் காட்டும் முள்ளைத்தான் பார்த்தேன். எண்பது. தொண்ணூறு.

சற்று நேரம் கழித்துப் பக்கத்தில் ஏதோ அசைந்தது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தூக்கிச் சீட்டில் சம்மணம் போட முயன்றுகொண்டிருந்தாள். எந்த வண்டியிலும் இப்படி உட்கார்ந்து நான் அவளைப் பார்த்ததில்லை.

"அம்மா, ஓடுற வண்டியில இப்படி உக்காரக் கூடாது. காலைக் கீழ விடு."

"வீடு மாதிரி இருந்துச்சு, மறந்துட்டேன்," என்று காலை இறக்கிக்கொண்டாள். அப்போது அப்பாவின் அழைப்பு வந்தது. அம்மாவே எடுத்தாள்.

"ஆடுதா?" என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது.

"ஒண்ணும் ஆடல. புள்ள ஓட்டிட்டிருக்கா, தொணதொணன்னு பேசாதீங்க." வைத்துவிட்டு முன்னால் பார்த்தாள். "ஏம்மா, இந்த லாரி வாலையே எவ்வளவு நேரம் பிடிச்சுக்கிட்டுப் போவ? தாண்டேன்."

கண்ணாடியைப் பார்த்தேன். இண்டிகேட்டரைப் போட்டேன். தாண்டினேன்.