பிடிபடாத பன்றியின் எட்டுப் பங்கு

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. ஒரு விருந்தில் பன்றிக் கறியை முன்னால் வைத்துக்கொண்டு, "எண்பத்தைந்தில் நாங்கள் குடும்பமாகக் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போனோம்" என்று சொல்லிவிட்டேன். "குருநகர் மீன்பிடிக்காரருக்கும் பன்றிக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒருவர் கேட்டார். விட்டுக்கொடுக்க மனமில்லை. பன்றியின் நிறை வரைக்கும் சொன்னேன்.

நாங்கள் போகவே இல்லை. பதினொரு கிழமை திட்டம் போட்டோம், அவ்வளவுதான். சொன்ன பொய்யை எழுதியாவது உண்மையாக்கலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "காடு விழித்துக்கொண்டது. செபநாயகம் துவக்கைத் தோளில் மாட்டியபடி..."

வெட்டிவிட்டேன். செபநாயகம் என் அப்பா. அவர் தோளில் வலையைத் தவிர வேறெதையும் நான் கண்டதில்லை.

இரண்டாம் தொடக்கம்: "கடலுக்குப் போகக்கூடாது என்று கடற்படை தடை போட்டிருந்த அந்த ஆண்டில்..."

பாடப்புத்தகம் போல இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான். வள்ளம் கரையில் காய்ந்தது, அப்பா வீட்டில் காய்ந்தார். (அழகாக எழுத வேண்டும் என்று எழுதிய வசனம் இது. பாவம், இருந்துவிட்டுப் போகட்டும்.)

3

என் அண்ணை கனிசியசுக்கு அப்போது இருபத்தொரு வயது. "கடல் தொழில் எனக்கு வேண்டாம்" என்று ஒருநாள் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பாவும் அவரும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. நடுவில் தபால்காரி நான். "றோஸ், கொண்ணனைச் சாப்பிடச் சொல்லு" என்பார் அப்பா. "பசிக்கேல்லை எண்டு சொல்லு" என்பார் அண்ணை. இரண்டு பேரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள். அப்படியே மூன்று மாதம் போனது.

அப்போதுதான் கடல்நீரேரிக்கு அக்கரையில் உள்ள பூநகரியில் இருந்து அப்பாவின் தங்கை, யோசப்பின் என்ற என் மாமி, எழுதிய கடிதம் வந்தது. "பண்டி வந்து மரவள்ளியை எல்லாம் கிண்டிப் போட்டுது. ஆராவது பிடிச்சுக்கொண்டு போனால் புண்ணியமாப் போகும்."

அப்பா கடிதத்தை மடித்தார். "எல்லாருமாப் போவம். துவக்கு வேண்டாம், தோட்டா வேண்டாம். திருக்கை வலை சும்மாதானே கிடக்கு. சாப்பாடும் படுக்கையும் தங்கச்சி வீட்டிலை. பஸ்சுக்கும் பாதைக்கும்தான் செலவு."

(பாதை என்றால் எங்களுக்குக் கேரதீவில் ஆட்களை ஏற்றி இறக்கும் மிதவை. மற்றவர்கள் அதில் நடக்கப் பார்க்க வேண்டாம்.)

மூலையில் இருந்த அண்ணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தில் இருப்பது மறந்துபோய் நேராகவே கேட்டார்.

"பண்டியை வலை போட்டுப் பிடிக்கிறதோ? அது என்ன பாரை மீனே?"

"திருக்கை நிண்ட வலையடா. பண்டி நிக்காதே?"

"பண்டிக்கு வெட்டுப்பல்லு இருக்கப்பா. கிழிச்சுப்போடும்."

"அப்ப ரெண்டு மடிப்பா விடுவம்."

அம்மா கையில் அகப்பையோடு அசையாமல் நின்றார். நான் கதவடியில். மூச்சு விட்டால் பேச்சு நின்றுவிடும் என்று இரண்டு பேருக்குமே பயம்.

அதன்பிறகு ஒவ்வொரு பின்னேரமும் வேட்டைப் பேச்சுத்தான். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில் பன்றி எந்தப் பக்கத்தால் வரும் என்று மாமியிடம் எழுதிக் கேட்கச் சொன்னார் அப்பா. "பண்டி வாற பக்கத்தாலை வரும்" என்று மாமி பதில் எழுதினார். நாள் குறிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் நான் புதிதாக ஒரு சிக்கலைக் கிளப்புவேன். "பண்டி நீந்துமோ?" என்று ஒருநாள் கேட்டேன். அதிலே நாலு நாள் ஓடியது.* எனக்குப் பன்றி தேவைப்படவில்லை. அவர்கள் கதைத்துக்கொண்டே இருந்தால் போதும்.

* நீந்தும். பிறகுதான் அறிந்தேன்.

4

இனி வருவதை மூன்று தரம் எழுதிக் கிழித்திருக்கிறேன்.

பதினோராம் கிழமை, ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், அப்பா முற்றத்தில் மட்டிச் சிப்பிகளை எட்டுக் குவியலாக வைத்தார். பிடிபடாத பன்றிக்குப் பங்கு. எங்கள் நாலு பேருக்கும் நாலு, மாமிக்கு ஒன்று, வலைக்கு ஒன்று, எங்கள் புனிதர் அந்தோனியாருக்கு ஒன்று. எட்டாவது வள்ளத்துக்கு.

"வள்ளம் வரேல்லையே அப்பா" என்றேன்.

"வராட்டில் என்ன? அதுக்கும் பங்கு உண்டு. கரையிலை கிடக்கிறது அதின்ரை குற்றமே?"

எங்கள் கரையில் பங்கு பிரிப்பது இப்படித்தான். ஒருவர் திரும்பி நிற்பார். இன்னொருவர் குவியலைத் தொட்டு "இது ஆருக்கு?" என்று கேட்பார். திரும்பி நிற்பவர் பெயர் சொல்வார். மனத்தாங்கல் உள்ளவன் பெயர் சொல்லக்கூடாது என்பது சட்டம். பங்காளிகளுக்குள் கோபம் என்றால் வழியால் போகிற ஆளைத்தான் கூப்பிடுவார்கள்.

அப்பா அண்ணையைப் பார்த்தார். "நீ நிண்டு சொல்லு."

அதற்கு மேல் ஒரு சமாதானம் அவருக்குத் தெரியாது. அண்ணை எழுந்து முருங்கை மரத்தைப் பார்த்து நின்றார். அம்மா ஒரு தென்னோலை ஈர்க்கால் குவியல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"இது ஆருக்கு?"

"வலைக்கு." "மாமிக்கு." "றோசுக்கு." "அந்தோனியாருக்கு." "அம்மாவுக்கு." "வள்ளத்துக்கு." "அப்பாவுக்கு."

கடைசிக் குவியல்.

"இது ஆருக்கு?"

"...அந்தோனியாருக்கு."

"அவருக்கு முதலே குடுத்தாச்சு அண்ணை" என்று நான் சிரித்தேன்.

"ரெண்டு பங்கா எடுக்கட்டும்."

அம்மா ஈர்க்கைக் கீழே போட்டார். காணாமல் போவதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோனியார். அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. அப்பா கொஞ்சம் பிந்தி, "உன்ரை பேரை விட்டிட்டாய்" என்றார். அண்ணை திரும்பவில்லை.

பத்தாம் நாள் ஜேர்மனிக்குப் போய்விட்டார். (அந்த ஆண்டுக் கதையில் அண்ணன்கள் இயக்கத்துக்குப் போவார்கள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். என் அண்ணை கோப்பை கழுவத்தான் போனார்.)

5

முடிவு ஒன்று: எல்லோரும் பூநகரிக்குப் போகிறார்கள், வலை விரிக்கிறார்கள், பன்றி... எழுத முடியும். படிக்க எனக்கே வெட்கமாக இருக்கும்.

முடிவு இரண்டு: தொண்ணூற்றைந்து ஐப்பசியில், இராணுவம் நெருங்க, ஊரே எழும்பி நடந்தது. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் மழைத் தண்ணீருக்கு மேல் பிள்ளைகள் இருக்கிற வாங்குகளை அடுக்கி அப்பாவைப் படுக்க வைத்தோம். "பிள்ளை, பண்டி வேட்டைக்கு அரைவாசித் தூரம் வந்திட்டம்" என்றார். மார்கழியில் அங்கேயே செத்துப்போனார். அண்ணை வரவில்லை. விசா இல்லை, பாதை பூட்டு என்று காரணம் எழுதினார். எல்லாம் உண்மைதான். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

இதைக் கதை முடிவாக வைக்க யோசித்திருந்தேன். போன கிழமை அண்ணை தொலைபேசியில் வந்தார். அந்த வேட்டையைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். பிறகு கேட்டார்:

"என்ரை பங்கு இருக்கோ?"

6

ஆகவே பன்றியைப் பிடித்துவிட்டேன். வலை கிழியவில்லை. எழுதுகிறவளுக்கு அவ்வளவு உரிமைகூட இல்லையா?

எட்டுக் குவியல் வைத்திருக்கிறேன். ஆனால் பெயர் சொல்ல என்னால் முடியாது. மனத்தாங்கல் உள்ளவள் நான், சட்டம் சட்டம்தான். வழியால் வந்தவர் நீங்கள். எட்டுப் பெயரும் உங்களுக்குத் தெரியும், வராத வள்ளத்தின் பங்கைப் பற்றி அப்பா சொன்னதும் தெரியும்.

கொஞ்சம் திரும்பி நில்லுங்கள். ஈர்க்கு என் கையில் இருக்கிறது. ஏழும் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

இது ஆருக்கு?