வெறும் வயிறு

எங்கள் பராகுவே ஆஸ்பத்திரி வார்டில் தெரெரே ஊற்றுவது வயதில் இளையவரின் வேலை. படிப்பு, பட்டம் எதுவும் அங்கே செல்லாது. மாட்டுக்கொம்புக் குவளையில் தேயிலை மாதிரி ஒரு இலைத்தூள், அதன்மேல் ஜாடியிலிருந்து ஐஸ் தண்ணீர், எல்லார் வாய்க்கும் ஒரே உறிஞ்சுகுழல். புது நர்ஸ் அனலியா ஜாடியை நடுங்காமல் பிடிப்பாள். டாக்டர் அயாலாவைக் கண்டால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். போன வாரம் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தும் மரம் மாதிரி நின்றாள். "இந்தப் பொண்ணு நமக்கு ஒத்து வருமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அவர்மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள்மேலும்தான்.

அன்று காலை தோன் எலிஹியோ என்ற பெரியவரைக் குடலிறக்க ஆபரேஷனுக்குத் தயார் செய்தது அவள்தான். "ராத்திரியிலேருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா, குடிச்சீங்களா?" என்று முறைப்படி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல தாயி, வெறும் வயிறு" என்றார் அவர்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றி அனுப்பிவிட்டு எங்களுக்கு ஊற்ற வந்தாள். குவளை தலைமை நர்ஸ் சுனில்டாவிடம் போனது. அவர் ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டு, "சீக்கிரம் முடிங்கடி, எனக்கு ரத்தப் பரிசோதனை இருக்கு. நேத்து ராத்திரியிலேருந்து பச்சத் தண்ணி பல்லுல படல" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. தெரெரேயை எந்தப் பராகுவேக்காரன் குடித்த கணக்கில் சேர்த்தான்? அனலியா மட்டும் குவளையையே பார்த்தாள். முகம் வெளுத்தது. ஜாடியை என் மடியில் வைத்துவிட்டு ஓடினாள். ஜாடியோடு நானும் பின்னால் ஓடினேன்.

ஆபரேஷன் அறை வாசலில் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துவிட்டாள். "காலையில தெரெரே குடிச்சீங்களா?"

"அது குடிக்காம எப்படி? மச்சான் கொண்டாந்தான். இதுல ஏறுறதுக்கு முன்னாடிதான் ஒரு ஜாடி முடிச்சோம்."

"ஒண்ணும் குடிக்கலன்னு சொன்னீங்களே!"

"நீ தெரெரேயக் கேக்கலியே தாயி."

கை கழுவிவிட்டு டாக்டர் அயாலா வந்து நின்றார். மயக்க மருந்து ஏறியதும் அந்தத் தண்ணீர் மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கினால் ஆள் பிழைப்பது சந்தேகம். சொன்னால் இவள் வேலைக்கே ஆபத்து. இப்போதும் வாயடைத்து நிற்பாளோ?

"டாக்டர், இவருக்கு இப்ப மயக்க மருந்து கொடுக்கக் கூடாது. தெரெரே குடிச்சிருக்கார். நான்தான் சரியாக் கேக்கல." ஒரு சொல்லையும் அவள் விழுங்கவில்லை.

அயாலா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த ஜாடியைப் பார்த்தார்.

"வர்றதுக்கு முன்னாடி நானும் ரெண்டு குவளை போட்டேன். என்னைக் கேட்டிருந்தாலும் ஒண்ணும் குடிக்கலன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். "அவரை வார்டுக்குக் கொண்டு போங்க, அப்புறம் பாத்துக்கலாம். இனிமே எல்லாரையும் தெரெரேயத் தனியாக் கேளுங்க."

அப்பாடா! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அனலியா சுவரில் சாய்ந்து அழுதுகொண்டே சிரித்தாள். தோன் எலிஹியோவுக்குத்தான் தாங்கவில்லை. "அதுவரைக்கும் தெரெரேயும் கிடையாதா?"

விஷயத்தைக் கேட்ட சுனில்டா தன் ரத்தப் பரிசோதனைச் சீட்டை மடித்துப் பையில் போட்டார். பிறகு என்னிடமிருந்து ஜாடியை வாங்கினார்.

"உக்காருடி அனலியா. இன்னைக்கு நான் ஊத்துறேன்."

எங்கள் ஊரில் நன்றி சொல்லிக் குவளையைத் திருப்பிக் கொடுத்தால், போதும் என்று பொருள். அனலியா நன்றி சொல்லவில்லை. காலிக் குவளையை மறுபடியும் நீட்டினாள்.