காலியாக விட்ட வரி

"பாடியை வாங்க யாருங்க கையெழுத்துப் போடப் போறது?" என்று கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்த பெண் கேட்டபோது, எலாடியா கோப்பின் நாடாவைப் பாதி அவிழ்த்திருந்தாள்.

அவள் புருஷன் சிரிலோ இறந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. நேற்றுப் பாதாம் தோப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், இன்று காலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய்விட்டான்.

கோப்பில் கல்யாணச் சான்றிதழ் இருந்தது. அதை நீட்டி, பெண்டாட்டி என்று கையெழுத்துப் போட்டால், சிரிலோ பிழைக்க வந்த இந்த மதேரா ஊரிலேயே மண்ணுக்குள் போவான். அதைத்தான் அவனும் கேட்டிருந்தான். "ஊருக்குக் கொண்டுபோனா உன்னால கூட வர முடியாது. எல்லையத் தாண்டிட்டா திரும்ப விட மாட்டானுங்க. என்னை இங்கயே போட்டுரு. ஞாயித்துக்கிழமை வந்து திட்டிட்டுப் போ." அவனுக்கு இந்த நாட்டில் இருக்கக் காகிதம் உண்டு, அவளுக்கு இல்லை.

அந்தக் கோப்பே அவளுக்காகப் போட்டதுதான். போன குளிர்காலத்தில், கோயில் கூடத்தில் வக்கீலம்மா வந்து உட்கார்ந்து எழுதிக்கொடுத்தாள். காகிதம் இல்லையென்று எலாடியாவைப் பிடித்துக்கொண்டு போனால் பிள்ளை யாரிடம், வீடு யார் பேரில், பள்ளிக்கூடத்தில் யார் கையெழுத்து? எல்லாவற்றுக்கும் சிரிலோ. "அவரும் இல்லைன்னா?" என்று வக்கீலம்மா கேட்டதற்கு, "நான்தான் குத்துக்கல்லாட்டம் இருக்கேனே" என்று சிரித்தான். அந்த ஒரு வரி காலியாகவே நின்றுபோயிற்று.

வக்கீலம்மா பொய் சொல்லச் சொல்லவில்லை. வாயைத் திறக்காமலிருந்தால் போதும் என்றுதான் சொன்னாள். சிரிலோதான் அதிபுத்திசாலி. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மகளை நிறுத்திவைத்து வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைத்தான். ஆபீசில் யார் கேட்டாலும், அம்மா ஊருக்குப் போய்விட்டாள், இது சித்தி.

ஒன்பது வயது யாரெலி நேற்று இதே கண்ணாடிக்கு முன்னால் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். ஒப்பித்துவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

சிரிலோவின் தம்பி அபுந்தியோ பக்கத்தில் வந்தான். அறுவடையைத் துரத்திக்கொண்டு வேனிலேயே குடியிருக்கிறவன். அங்கே வேறு யாருக்கும் புரியாத தங்கள் மலைப் பேச்சில், தாழ்ந்த குரலில் சொன்னான்.

"அண்ணி, நான் கையெழுத்துப் போட்டா ஊருக்குத்தான் கொண்டுபோகணும். ஆத்தா குழி வெட்டச் சொல்லிட்டாங்க. நீங்க பொண்டாட்டின்னு சொல்லிட்டா நான் குறுக்க வர மாட்டேன். ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்."

"என்னைப் புடிச்சுட்டா யாரெலிய யாரு தம்பி பாப்பா?"

அவன் வேனில் ஒரு பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு ஊர் ஊராக எப்படிச் சுற்றுவான்? இத்தனைக்கும் நல்லவன். அது அவளுக்கும் தெரியும்.

வாசலில் சீருடைக்காரன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக் காவலாளியாக இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம். ஒரு வருஷமாக எலாடியாவுக்கு எல்லாச் சீருடையும் ஒன்றுதான்.

"சம்சாரம் ஊர்ல இருக்காங்கன்னு போட்டிருக்கு. நீங்க?" என்றாள் அந்தப் பெண். குரலில் கடுமை இல்லை. காத்திருந்தாள்.

பக்கத்தில் நின்ற யாரெலி அம்மாவின் விரலை இறுக்கினாள்.

"நான் இந்தப் புள்ளையோட சித்தி," என்றாள் எலாடியா.

நாடாவைத் திரும்பக் கட்டினாள். முடிச்சு விழ நேரமாயிற்று. அந்தப் பெண் தாளை அபுந்தியோவின் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடங்களைக் காட்டினாள். அவன் ஒவ்வொன்றாகப் போட்டான்.

"உடுப்பு கொண்டாந்து குடுக்கணும். எதைப் போடுறது?"

அந்தப் பெண் கேட்டது அபுந்தியோவை. அண்ணனை அவன் வருஷத்துக்கு இரண்டு தடவை பார்த்தால் அதிகம்.

"நீலச் சட்டை," என்றாள் எலாடியா. "கழுத்துப் பட்டன் தொங்குது, தச்சுக் கொண்டாறேன். மேல் பட்டன மட்டும் போட வேணாம்னு சொல்லுங்க. அவருக்குக் கழுத்த இறுக்கினா ஆகாது."

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு எலாடியாவைப் பார்த்தாள். பிறகு குனிந்து, நீலச் சட்டை, மேல் பட்டன் வேண்டாம் என்று எழுதிக்கொண்டாள்.