கடைசி மணியின் இடம்

ரோஸலின்ட் அந்த விடுமுறைக் குடிலுக்கு வந்து நான்கு நாளாகியிருந்தது. இதுவரை அவள் பேசியது ரொட்டிக் கடைக்காரியிடம் ஒரு முறை, வேலியோரத்து ஆட்டிடம் இரண்டு முறை.

ஊரைத் தேர்ந்தெடுத்தபோது, படத்தில் தேவாலயக் கோபுரம் ஒரு மரத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது. தெரிந்திருந்தால் வந்திருக்கவே மாட்டாள். முப்பது வருடம் தன் ஊர்க் கோபுரத்தில் கணவன் கிளைவோடு சேர்ந்து மணிக்கயிறு இழுத்தவள். இப்போது அவன் பக்கத்துக் கயிற்றில் நிற்பது அவனுடைய புது மனைவி. ரோஸலின்ட் அந்தப் படியேறி ஒன்றரை வருடமாகிறது.

புதன்கிழமை மாலை, வெயில் இறங்குமுன் யாரோ கதவைத் தட்டினார்கள். தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒருவர்.

"நெவில்ங்க. கோபுரத்துல மணி அடிக்கிறோம். இன்னிக்குப் பயிற்சி, ஒன்றரை மணி நேரம் சத்தமா இருக்கும். போன வாரம் இங்க தங்கினவரு தலையணையத் தூக்கிட்டு காருல போய்ப் படுத்துட்டாரு. அதான் முன்னாடியே மன்னிப்புக் கேட்டுடலாம்னு."

நானும் அடிப்பேன் என்றால் போதும். வெளியூர் ஆளுக்கு எந்தக் கோபுரத்திலும் ஒரு கயிறு உண்டு. ஆனால் அடுத்து எந்த ஊர் என்று கேட்பார்கள். பிறகு கிளைவ் பேச்சு வரும்.

"பரவால்லைங்க" என்று கதவைச் சாத்தினாள்.

ஆறு மணிகளில் ஐந்துதான் ஒலித்தன. ஒவ்வொரு சுற்றும் மேல் சுரத்திலிருந்து படிப்படியாக இறங்கி வந்து, கடைசிப் படியில் கால் வைக்காமல் நின்றது. தேநீர் ஆறியது. மறுபடி இறங்கியது, மறுபடி நின்றது. வீட்டுச் செருப்போடு கோபுரத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

சுழல் படியின் உச்சியில் அவள் தலை தெரிந்ததும் ஒரு பெண் முணுமுணுத்தாள்: "போச்சு, அடுத்த தலையணை வந்தாச்சு."

"நிறுத்துங்கப்பா!" என்றார் நெவில். கயிறுகள் ஒவ்வொன்றாய் அடங்கின. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் மன்னிப்புக் கேட்டார்கள்.

ரோஸலின்டுக்கு மூச்சு வாங்கியது. சுவரில் சுருட்டி மாட்டியிருந்த கயிற்றைக் காட்டினாள்.

"பெரிய மணியா? அத அடிக்கிற டெரெக்குக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு. ஏங்க, அதுவுமா தொந்தரவு?"

"அது அடிக்காததுதான் தொந்தரவு."

நெவில் அவளைப் பார்த்தார். "எந்த ஊருங்க?"

சொன்னாள்.

"அட, நம்ம கிளைவ் இருக்கிற கோபுரம்!"

"நானும் இருந்தேன்."

அவர் சுவரோரம் போனார். கயிற்றை எடுத்து நீட்டினார். "மணி வாய் கீழ பாத்துத் தொங்குது. இழுத்து இழுத்து வாய் மேல பாக்கத் தூக்கி நிறுத்தக் கொஞ்ச நேரமாகும்."

ஐந்து பேரும் காத்திருக்க, அவள் தனியாக இழுக்கத் தொடங்கினாள்.