வாலுவின் காது

தையற்கடைக்காரி அன்று மகளைக் காது சோதனைக்கு அழைத்து வந்திருந்தாள். மகளுக்கு ஆறு வயது. வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர். பேச்சு இன்னும் வரவில்லை. காது பாதிக்கு மேல் பழுது என்று அரசாங்க ஆஸ்பத்திரி சான்றிதழ் கொடுத்தால்தான் மாத உதவித்தொகையும் சிறப்புப் பள்ளியில் இடமும் கிடைக்கும். ஆனால் வாலுவுக்குக் கொஞ்சம் கேட்கும் என்பதில் தாய்க்குச் சந்தேகமே கிடையாது. அந்தக் கொஞ்சமே காரியத்தைக் கெடுத்துவிடுமோ என்று பயம். பெற்ற பிள்ளைக்குக் காது இன்னும் மோசமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிற பிழைப்பு, என்ன பிழைப்பு!

சோதனை அறையில் வாலுவின் தலைக்குப் பெரிய ஹெட்போன் மாட்டினார்கள். கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். சோதிக்கும் பெண் எதிரே உட்கார்ந்து மெஷினைத் திருகினாள். வாலு அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். ஒன்றைக்கூட விடவில்லை.

“அக்கா, பாப்பாவுக்கு நல்லாவே கேட்குது. சான்றிதழ் தர முடியாதுக்கா.”

“என்ன மேடம் இப்படி வயித்துல அடிக்கிறீங்க? நல்லா கேட்டா ஏன் இன்னும் ‘அம்மா’ன்னு ஒரு வார்த்தை சொல்லல?”

ஹெட்போனைக் கழற்ற எழுந்த பெண் அப்படியே நின்றுவிட்டாள். அதன் வயர் மெஷினில் செருகப்படவே இல்லை. முனை மேசைக்கடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

“ஐயையோ! அப்போ இவ எதைக் கேட்டு அமுக்கினா?”

எதையும் கேட்கவில்லை. திருகும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் தோள் லேசாக ஏறுமே, அதைப் பார்த்து அமுக்கியிருக்கிறது களவாணிக் குட்டி!

வயரைச் செருகி, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்கள். ஓசை ஏறி ஏறி, இரண்டடி தள்ளி நின்ற தாயின் காதுக்கே எட்டியது. வாலுவின் விரல் அசையவில்லை.

“இருங்க மேடம். நான் கூப்பிட்டா அடுத்த நொடி திரும்புவா, பாருங்க.”

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டாள். பிறகு தொண்டை கிழியக் கத்தினாள். யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். குழந்தை சுவரைப் பார்த்துச் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வீட்டோடு சேர்ந்த கடையிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் தையல் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் கூப்பிடுவாள். மெஷின் நின்றால் மரத்தரையின் அதிர்வும் நிற்கும். பிள்ளை அதற்குத்தான் திரும்பியிருக்கிறது. ஆறு வருஷமாகக் கொஞ்சியதும் திட்டியதும் ஒரு சொல்கூடப் போய்ச் சேரவில்லை.

“ரெண்டு காதும் சுத்தமா கேட்கலக்கா. தொண்ணூத்தஞ்சு சதவீதம்னு எழுதறேன். இனி எல்லா உதவியும் கிடைக்கும், கவலைப்படாதீங்க.”

பேனா பிடித்த அந்தக் கையைத் தாய் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம் மேடம். குறைச்சு எழுதுங்க. கொஞ்சமாச்சும் கேட்குதுன்னு எழுதுங்க.”